நிறம் காட்டாத உப்பு

அலுமினியத்தைக் கண்டுபிடிக்கத் தாளைக் கொளுத்த வேண்டும். உப்புக் கரைசலோடு சில துளி கோபால்ட் நைட்ரேட்டும் கொஞ்சம் அடர் நைட்ரிக் அமிலமும் சேர்ப்போம். வடிதாள் துண்டு ஒன்றை அதில் நனைத்து, இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டுவோம். தாள் எரிந்து சுருண்டு சாம்பலாகும். சாம்பல் நீலமாக இருந்தால் அலுமினியம், பச்சையாக இருந்தால் துத்தநாகம், இளஞ்சிவப்பாக இருந்தால் மக்னீசியம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காங்கேயம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படித்தேன். அங்கே செய்த உப்புப் பகுப்பாய்வுச் சோதனைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சாம்பல் சோதனைதான். மூன்று நிறத்தையும் தருவது ஒரே கோபால்ட். கூட இருப்பவர் யார் என்பதைப் பொறுத்து அது நீலமாகிறது, பச்சையாகிறது, இளஞ்சிவப்பாகிறது.

எங்கள் வேதியியல் ஆய்வகம் ஓட்டுக் கட்டடத்தின் கடைசி அறை. கிப் கருவியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் சல்பைடு வாடை பக்கத்து வகுப்பு வரைக்கும் போகும். ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்தி போட்டிருப்போம்: சோதனை, காண்பன, அறிவன. எங்கள் வாத்தியார் நடுப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். “வெள்ளை வீழ்படிவு” என்று மட்டும் எழுதினால் விடமாட்டார். தயிர் மாதிரியா, பசை மாதிரியா, உடனே வந்ததா, சூடாக்கின பிறகா என்று கேட்பார். “கண்ணுல பட்டதை முழுசா எழுது. அறிவனவுக்கு என்ன அவசரம்?” என்பார். நான் இன்று ஆசிரியனாக நின்று சொல்வதும் இதே வாக்கியந்தான்.

காரீய உப்பு கிடைத்தவனுக்கு அன்று கொண்டாட்டம். கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டதும் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு இறங்கும். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தால் மஞ்சள் முழுக்கக் கரைந்து சோதனைக்குழாய் வெறும் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். அதைக் குழாயடியில் பிடித்துக் குளிரவிட்டால் திரும்ப வரும். ஆனால் முன்னால் வந்த மாவு போன்ற மஞ்சளாக வராது. மெல்லிய அறுகோணத் தகடுகளாக, ஒவ்வொன்றும் தனித்தனியே வெளிச்சத்தைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு, பொன்துகள் மழையாக இறங்கும். குழாயைச் சன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு நாங்கள் வரிசையாக நிற்போம். வேறு மஞ்சள் வீழ்படிவுகளும் உண்டு. காட்மியம் சல்பைடும் மஞ்சள்தான். ஆனால் சூட்டில் கரைந்து குளிரில் பொன்னாகத் திரும்புவது காரீய அயோடைடின் வழக்கம். நிறம் ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அந்த நிறம் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் ஆளை உறுதி செய்யும் என்று அங்கேதான் கற்றேன்.

சுடர் சோதனையில் பேரியத்துக்கு “ஆப்பிள் பச்சை” என்று எழுத வேண்டும். எங்கள் ஊரில் பச்சை ஆப்பிளை யாரும் பார்த்ததில்லை. என் பக்கத்து மேசைக்காரனின் அப்பா திருப்பூரில் சாயப்பட்டறை மாஸ்டர். அவன் சுடரைப் பார்த்ததுமே இது கிளிப்பச்சைக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் என்று சொல்லிவிடுவான். செம்பு காட்டும் பச்சையில் நீலம் எவ்வளவு கலந்திருக்கிறது, ஸ்ட்ரான்சியத்தின் சிவப்புக்கும் கால்சியத்தின் செங்கல் சிவப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதெல்லாம் அவனுக்குத் தகராறே இல்லாமல் தெரியும். வீட்டில் ஷேடு கார்டைப் பார்த்து வளர்ந்த கண். பாடப்புத்தகத்தில் இல்லாத கல்வி அது, அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

அந்தச் சுடரில் எங்களுக்கு ஓயாத தொல்லை கொடுத்தது சோடியம். பிளாட்டினக் கம்பி எங்கள் பள்ளிக்கு எட்டாத பொருள். கண்ணாடிக் குச்சியில்தான் உப்புப் பசையைத் தொட்டுச் சுடரில் காட்டினோம். கண்ணாடிக்குள்ளேயே சோடியம் உண்டு. வியர்த்த விரல் பட்டாலும் சோடியம். எந்த உப்பை வைத்தாலும் முதலில் ஒரு தடித்த மஞ்சள் எழுந்து மற்ற நிறங்களை மறைக்கும். பொட்டாசியத்தின் இளம் ஊதாவைப் பார்க்கவே முடியாது. நீல நிறக் கோபால்ட் கண்ணாடி வழியாகப் பார்த்தால்தான் மஞ்சள் வடிகட்டப்பட்டு ஊதா தெரியும். ஆனால் இதே சோடியம் கரைசலில் இருக்கும்போது எந்த நிறமும் காட்டாது. ஏறக்குறைய அதன் எல்லா உப்புகளும் கரைந்துவிடுவதால் வீழ்படிவும் கொடுக்காது. பகுப்பாய்வின் தொகுதிகளில் எந்த வினைபொருளுக்கும் சிக்காமல் வடிநீரோடு போய்விடும். எங்கள் மாவட்டத்தின் தலையெழுத்தை எழுதியது இந்த நிறமில்லாத அயனிதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காங்கேயம் கற்களுக்குப் பேர்போன ஊர். மழை பெய்து ஓய்ந்த பிறகு மேட்டாங்காடுகளில் கல் பொறுக்கப் போவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயம். பக்கத்துப் படியூரில் பெரில் கல் கிடைத்தது. சிவன்மலையின் பாறைகளில் குருந்தக்கல் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1901-ல் சிவன்மலைப் பாறைகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். குருந்தம் என்பது அலுமினியம் ஆக்சைடு. நாங்கள் சாம்பலில் தேடிய அதே அலுமினியம். சுத்தமான குருந்தத்துக்கு நிறம் கிடையாது. அதில் அலுமினியம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கொன்று இங்கொன்றாகக் குரோமியம் உட்கார்ந்தால் மாணிக்கச் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் ஜோடியாக உட்கார்ந்தால் நீலக்கல். பெரிலும் அப்படியே. சுத்தமானது கண்ணாடி போலிருக்கும், இரும்பு நுழைந்தால் கடல் நீலம், குரோமியம் நுழைந்தால் மரகதப் பச்சை.

குரோமியத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குருந்தத்துக்குள் சிவப்பு, பெரிலுக்குள் பச்சை. இரண்டிலும் அது மூன்று எலக்ட்ரான் இழந்த அதே குரோமியம்தான். அதைச் சுற்றி நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றில் கொஞ்சம் நெருக்கமாகவும் மற்றதில் கொஞ்சம் தளர்வாகவும் நிற்கின்றன. அந்தச் சிறு இடைவெளி உள்ளே எந்த ஒளி விழுங்கப்படும் என்பதை மாற்றிவிடுகிறது. ஆய்வகத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டாக அது ஆரஞ்சு, குரோமேட்டாக மஞ்சள். ஈரோட்டுத் தோல் பட்டறைகளில் குரோமிய உப்பில் பதனிட்ட ஈரத்தோல் வெளிர் நீலமாக அடுக்கி வைத்திருப்பார்கள். முலாம் பூசும் தொட்டியில் இருக்கும் ஆறு எலக்ட்ரான் இழந்த குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு, தோலில் இருக்கும் மூன்று இழந்த குரோமியத்தில் அத்தனை ஆபத்து இல்லை. இங்கே நிறம் மனிதனுக்கு உதவுகிறது. மஞ்சளைப் பார்த்து ஒதுங்கலாம். எல்லா நஞ்சும் இப்படி எச்சரித்துக்கொண்டு வருவதில்லை.

நொய்யல் ஆற்றின் வடகரையில், சென்னிமலைப் பக்கம், கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர். 1985-ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பெரில், நீலக்கல், செவ்வந்திக்கல், சூதுபவளம், படிகம் என்று வேலை முடிந்தவையும் பாதியில் நின்றவையுமாக மணிகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. பெரில் இந்தியாவில்தான் விளைகிறது, வேறெங்கும் அரிது என்று ரோமானியரான பிளினி எழுதினார். அவர் காலத்தில் அந்தக் கற்களில் எத்தனை படியூரிலிருந்து போயினவோ. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் ரோம வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கல்லின் நிறத்துக்குக் கடல் கடந்து காசு கொடுத்தவர்கள் இருந்த ஆற்றங்கரை இது. இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகு அதே ஆற்றங்கரையில் துணியின் நிறத்துக்கு உலகம் காசு கொடுத்தது.

கொடுமணலிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டியது. மேலே திருப்பூரில் பின்னலாடைத் தொழில் பெருகிய காலம். சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் விட்ட தண்ணீர் வந்து தேங்கும் இடமாக அந்த அணை ஆனது. என் தாய்மாமாவின் தோட்டம் அணைக்குக் கீழே. மஞ்சளும் வாழையும் போட்ட தோட்டம். நான் கோவையில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்த வருடங்களில் அங்கே ஒவ்வொரு விடுமுறையிலும் ஏதாவது ஒன்று குறைந்திருக்கும். வாழை இலையின் ஓரம் தீயில் காட்டியது போலப் பழுப்பாகக் கருகும். மஞ்சள் கிழங்கு பருக்காது. பிறகு தேங்காயும் சிறுத்தது. மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் வயல் மேலேயே நிற்கும், காய்ந்தால் மண் ஓடு போல் இறுகும்.

மாமா ஒரு நாள் கிணற்றிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டு என் முன்னால் வைத்தார். “ஏங்கண்ணு, படிச்சவன் நீ சொல்லு. ஆத்துத் தண்ணி செவப்பா, நீலமா வந்தப்பவாச்சும் கெட்டதுன்னு தெரிஞ்சுது. இப்பக் கெணத்துத் தண்ணி தெளிவாத்தான இருக்குது? அப்பறம் எதுக்கு வாழை இப்படிக் கருகுது?” என்றார். சொம்புக்குள் அடி தெரிந்தது. நாக்கில் வைத்தால் கரிப்பு.

இரண்டு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கோவைக்கு வந்தேன். ஒன்று மாமாவின் கிணறு, இன்னொன்று நான் தங்கியிருந்த அறையின் குழாயில் வந்த சிறுவாணி. குளோரைடை அளக்க மோர் முறை என்று ஒரு தரம்பார்த்தல் உண்டு. குளோரைடுக்கு நிறம் இல்லை. அதனால் அதன் இருப்பைக் காட்டித்தர நிறமுள்ள ஒன்றைக் காவலுக்கு நிறுத்த வேண்டும். கூம்புக்குடுவையில் தண்ணீரை அளந்து விட்டு, சில துளி பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாகும். மேலே பியூரெட்டில் சில்வர் நைட்ரேட். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டால் வெள்ளி முதலில் குளோரைடைத்தான் பிடிக்கும். தயிர்த்த வெள்ளைச் சில்வர் குளோரைடு இறங்கும். குளோரைடு அத்தனையும் தீர்ந்த பிறகே வெள்ளி குரோமேட்டைத் தொடும். அந்த நொடியில் மஞ்சள் செங்கல் சிவப்பாகத் திரும்பும்.

சிறுவாணித் தண்ணீரில் முதல் சில துளிகளிலேயே சிவப்பு நின்றுவிட்டது. மாமாவின் கிணற்றுத் தண்ணீரில் ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் சிவப்பாகப் பூத்து, குடுவையை ஒரு சுழற்று சுழற்றியதும் மறைந்தது. இறக்க இறக்க வெள்ளை கனத்தது, மஞ்சள் மாறவில்லை. பியூரெட் காலியாகி மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. தண்ணீரைப் பத்து மடங்கு நீர்த்துப் பிறகு சரியாக அளந்தேன். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றுத் தண்ணீர் அந்த ஆயிரத்தையும் பல மடங்கு தாண்டியிருந்தது. பிளாட்டினக் கம்பியில் ஒரு சொட்டை எடுத்துச் சுடரில் காட்டினேன். பள்ளியில் நாங்கள் தொல்லை என்று ஒதுக்கிய அதே மஞ்சள், சுடர் முழுக்க, அணையாமல் நின்றது. சில்வர் நைட்ரேட் பட்ட என் விரல் நுனிகள் மறுநாள் கறுத்திருந்தன.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதைச் சாயப்பட்டறைக்குள் போனால்தான் விளங்கும். பருத்தி நூல் தண்ணீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பில் எதிர்மின்சுமை ஏறும். பனியனுக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களுக்கும் எதிர்மின்சுமைதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால் தொட்டியில் சாதாரண உப்பையோ கிளாபர் உப்பு எனப்படும் சோடியம் சல்பேட்டையோ கொட்டுவார்கள். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் போகும். சோடியம் அயனிகள் நடுவில் புகுந்து தள்ளலைத் தணிக்கும், சாயம் நூலுக்குள் இறங்கும், பிறகு சோடா ஆஷ் போட்டால் சாயம் பருத்தியோடு பிணைந்துகொள்ளும். சோடியம் எதோடும் பிணையாது. வேலையை முடித்துக்கொண்டு முழுக்க முழுக்கத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறம் சட்டையாகக் கப்பலேறும், உப்பு நொய்யலில் இறங்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரட்டிக் கீழே படிய வைத்தார்கள். வெளியே வந்த தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிந்தது. கரைந்த உப்பை அந்த முறை தொடவே முடியாது. சோடியம் எந்த வீழ்படிவாகவும் இறங்காது என்பது பிளஸ் டூ பாடம். மாமா சொம்பில் பார்த்த தெளிவு அதுதான். நிறம் போனதை மட்டும் பார்த்துத் தண்ணீர் திருந்திவிட்டது என்று நினைத்தவர்கள் கீழ்ப் பாசனத்து உழவர்களுக்குப் பெரிய அநீதி செய்தார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். சாயத்தைக் கண் பார்க்கும். களிமண் துகள்களில் ஒட்டியிருக்கும் கால்சியத்தைத் தள்ளிவிட்டுச் சோடியம் அந்த இடத்தில் உட்காருவதையும், துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைப்பதையும் கண் பார்க்காது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மண் ஆய்வுக்காரர்கள் களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வது, கால்சியத்தைத் திரும்பக் கொடுத்துச் சோடியத்தை வெளியேற்றத்தான். அதற்கும் கழுவிவிட நல்ல தண்ணீர் வேண்டும். மாமாவிடம் அது இல்லை.

நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவுநீரும் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற திசையில் உத்தரவிட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி கடைசியில் திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே நின்றுபோன மாதங்கள் அவை. என் பழைய பக்கத்து மேசைக்காரனும் அப்போது வேலை இழந்தவன்தான். அவன் என்னிடம் கோபப்பட்டான், மாமா என்னிடம் நிம்மதிப்பட்டார். இருவர் பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தீர்ப்பு சரி என்பதில் ஐயம் இருந்ததில்லை. பிறகு எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கும் கலன்களும் வைத்த பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தண்ணீரைப் பிரித்து எடுத்து, மிஞ்சும் உப்புக் கரைசலை மறுபடி சாயத் தொட்டிக்கே கொண்டுபோகும் முறையைச் சில நிலையங்கள் செய்து காட்டின. நண்பன் இன்று அப்படியொரு நிலையத்தில் வேலை செய்கிறான். இப்போது அவன் பார்ப்பது சாயத்தின் ஷேடு மட்டும் இல்லை, மீட்ட உப்பின் தூய்மையையும் அவன்தான் பார்க்கிறான்.

கோவையில் நான் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகு தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரு மாணவி வந்து சேர்ந்தாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். பற்களில் பழுப்புக் கறை. அவள் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் என்றாள். ஃபுளூரைடும் நிறமற்ற அயனி. அதைப் பிடிக்கும் வழி விசித்திரமானது. சிர்க்கோனியமும் அலிசரினும் சேர்ந்தால் ஒரு சிவப்பு உண்டாகும். ஃபுளூரைடு வந்தால் சிர்க்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தனித்து நிற்கும் அலிசரின் மஞ்சளாகிவிடும். இருந்த சிவப்பு குறைவதைப் பார்த்தே ஃபுளூரைடின் அளவைச் சொல்லலாம். அந்த மாணவி தன் ஊர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வந்து விட்டாள். சிவப்பு கண்ணெதிரே வெளுத்தது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. அது எத்தனை சிறிய அளவு என்று அவள் தனக்குள் கணக்குப் போட்டபடி வெகுநேரம் குடுவையைப் பார்த்திருந்தாள். பிறகு 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. கறை படிந்த பல் மறுபடி வெளுக்காது. அடுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு அது வராமல் தடுக்கலாம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆண்டும் முதலாண்டு மாணவர்களை வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டுவரச் சொல்கிறேன். பாடத்திட்டம் தரும் உப்புகளை அவர்கள் செய்யட்டும், செம்பின் நீலத்தையும் நிக்கலின் ரோஜாச் சிவப்பையும் காரீயத்தின் பொன்துகளையும் பார்க்காமல் ஒருவரும் போகக் கூடாது. கூடவே காங்கேயம், சென்னிமலை, பல்லடம், அவிநாசி என்று ஊர்ப் பெயர் எழுதிய பாட்டில்களும் மேசையில் இருக்கும். சில்வர் நைட்ரேட் விலை கூடிய பொருள், அதனால் பியூரெட்டுக்குப் பதில் சொட்டுக் குழாயில் துளிகளை எண்ணச் சொல்வேன். எண்ணிக்கைகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவோம். குளோரைடை மட்டும் பார்க்கிறோமே, சல்பேட்டை ஏன் விட்டோம் என்று போன வருடம் திருப்பூர்ப் பையன் ஒருவன் கேட்டான். கிளாபர் உப்புப் போடும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன் கேட்க வேண்டிய கேள்விதான். பேரியம் குளோரைடு புட்டியை எடுத்துக் கொடுத்தேன். இந்த வருடத் தாளில் சல்பேட்டுக்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறோம்.